இராசி மகரம்: ஒரு சி.வி.யை மூன்று தடவை செய்த கதை

போன மாதம் கண்டியில் ஒரு குடும்ப உளவளத்துணை நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம், வாரத்தில் நாலு நாள். அதற்கு அனுப்பிய சி.வி. வெறும் இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தைச் செய்து முடிக்க ஐந்து மாதமும் நாலாயிரம் ரூபாயும் போயின, நடுவில் ஒரு பெரிய வெட்கக்கேடும் நடந்தது. எங்கள் பக்கத்தில் உளவளத்துணை டிப்ளோமா முடித்த பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் "அக்கா, உங்க சி.வி.ய அனுப்புங்க, பார்த்து எழுதிக்கிறோம்" என்று கேட்டார்கள். அனுப்பலாம்தான், ஆனால் முடிந்த பக்கத்தைப் பார்த்தால் எதையெல்லாம் எழுதி அழித்தேன் என்பது தெரியாதே, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். ஒன்றரை வருட டிப்ளோமா. அதற்குப் பிறகு 2021 ஆகஸ்ட் முதல் 2024 மார்ச் வரை ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு உளவளத்துணையாளராக இருந்தேன். நிதி நின்றதும் திட்டமும் நின்றது. கொஞ்ச நாள் டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தபோது வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது: மெரேஜ் அண்ட் பெமிலி தெரபிஸ்ட் (தாம்பத்திய, குடும்பச் சிகிச்சையாளர்) தேவை, தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். நான் செய்த வேலைக்கு இப்படியொரு பெரிய பெயர் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டு ஹட்டன் டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

டவுனில் நாங்கள் வழக்கமாகப் போகும் கொம்யூனிகேஷன் கடை ஒன்று இருக்கிறது. கடையில் இருக்கும் தம்பியும் எங்கள் தோட்டம்தான், கீழ் டிவிசன். விஷயத்தைச் சொன்னதும் "ஒங்க பயோடேட்டா ஏற்கனவே நம்மகிட்ட இருக்கேக்கா, அதையே மாத்திக்கலாம்" என்றான். எனக்கும் அது நல்லதாகவே பட்டது, டைப் பண்ணுகிற காசு மிச்சம். அவன் ஒரு பைலைத் திறந்தான், என் பெயர் இருந்தது, பிறந்த திகதி இருந்தது, க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு ஒன்பது பாடமும் வரிசையாக இருந்தது. வேலை அனுபவத்தைச் சேர்த்தோம், டிப்ளோமாவைச் சேர்த்தோம், பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியதைக்கூட விடவில்லை. கடைசியில், என்னைப் பற்றி விசாரிக்க உறவினரல்லாத இருவர் என்று பாடசாலை அதிபரும் கோயில் தலைவரும். அதற்குக் கீழே "மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையென உறுதிப்படுத்துகின்றேன்". மொத்தம் நாலு பக்கம். சேர்த்ததற்குக் கடைசியில் பக்கக் கணக்கில்தான் காசு வாங்கினான், அது வேறு விஷயம்.

ஐந்து பிரதி அடித்து, ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, இன்னொரு இடத்துக்கு அவனிடமிருந்தே ஈமெயிலும் பண்ணிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து மிச்சப் பிரதியை வீட்டில் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில், மொழித் தேர்ச்சிக்கும் பொழுதுபோக்குக்கும் நடுவில், இராசி மகரம், நட்சத்திரம் திருவோணம் என்று இருந்தது. அது இரண்டு வருடத்துக்கு முன் அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தரகரிடம் கொடுத்த பைல். புருஷன் பெண்சாதிக்கு உளவளத்துணை செய்ய வேலை கேட்கிறவள் தன் ஜாதகத்தின் முதல் இரண்டு வரியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். நல்ல வேளை, செவ்வாய் தோஷம் இல்லை என்ற வரியை மட்டும் தம்பி அழித்திருந்தான்.

பதில் வரவில்லை. வந்திருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம், ஏனென்றால் முகவரி என்று நான் போட்டது தோட்டத்தின் பெயரையும் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) இலக்கத்தையும். எங்கள் பக்கத்தில் தபால் லயத்துக்கு வருவதில்லை, தோட்டக் கந்தோருக்கு வரும், அங்கிருந்து யாராவது எடுத்து வரும்போது வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்து கைக்குக் கிடைத்த கதை எங்கள் லயத்திலேயே மூன்று வீட்டில் இருக்கிறது. ஈமெயில் பண்ணியதும் வீண்தான் என்று பிறகு புரிந்தது. தம்பி டைப் பண்ணியது பாமினி எழுத்தில், அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் தமிழே வராது, ஆங்கில எழுத்தும் கமாவும் கலந்து யாரோ கீபோர்டில் கை தவறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். என் போனில் திறந்து பார்த்தேன், அப்படியேதான் இருந்தது.

சரி, இது பயோடேட்டா, எனக்கு வேண்டியது உண்மையான சி.வி. என்று முடிவு செய்தேன். பெரியம்மா மகனின் மடிக்கணினியை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிக்கொண்டு இணையத்தில் மெரேஜ் அண்ட் பெமிலி தெரபிஸ்ட் ரெசுமே என்று தேடினேன். வந்ததெல்லாம் அமெரிக்க மாதிரிகள். பார்க்கவே அழகு. படம் இல்லை, பிறந்த திகதி இல்லை, மதம் இல்லை, கல்யாணமானவரா ஆகாதவரா என்ற கேள்வியே இல்லை. அந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, "நீங்களே இன்னும் கட்டல, எங்களுக்கு என்னா மிஸ் சொல்லப் போறீங்க" என்று என் முகத்துக்கு நேரேயே கேட்ட ஆட்கள் உண்டு. முதல் வேலையாக அந்த வரியைத் தூக்கினேன். பிறகு இராசியை. பிறகு சாதாரண தரப் பெறுபேறு ஒன்பதையும். கணிதத்துக்கு எடுத்த ஏ-யை அழிக்கக் கொஞ்சம் மனம் வரவில்லை, அதுவும் போனது.

இதுவரைக்கும் நல்லது. அதற்குப் பிறகு இரண்டு தப்பு செய்தேன்.

முதல் தப்பு, மாதிரியில் இருந்த சொற்களையும் சேர்த்து எடுத்தது. அந்த மாதிரியில் பெயருக்குப் பின்னால் எல்.எம்.எப்.டி. (உரிமம் பெற்ற தாம்பத்திய, குடும்பச் சிகிச்சையாளர்) என்று இருக்கும், கீழே திறமைகள் என்ற இடத்தில் சிகிச்சை முறைகளின் பெயர்கள் அடுக்கியிருக்கும். மினுச்சினின் ஸ்ட்ரக்சரல் முறை, சூ ஜோன்சனின் எமோஷனலி போகஸ்ட் தெரபி, கொட்மன் முறை, சி.பி.டி. என்று. டிப்ளோமாவில் இவை ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு மணித்தியாலம் விரிவுரை கேட்டிருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் போட்டேன். பெயருக்குப் பின்னால் அந்த நாலெழுத்தைப் போடவில்லை, அவ்வளவு துணிச்சல் வரவில்லை. ஆனால் தொழில் சுருக்கம் என்ற முதல் பத்தியில் "லைசன்ஸ்ட்" என்ற சொல் மாதிரியிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. இராசியைக் கவனிக்காத அதே கண்.

இரண்டாவது தப்புத்தான் பெரிது. மாதிரிகளில் சாதனைகளை உதாரணத்தோடு எழுதச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் உதாரணத்துக்கா பஞ்சம். மூன்று கதை எழுதினேன், பெயர் எதுவும் இல்லாமல். அதில் ஒன்று இப்படிப் போகும்: வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்த மனைவி, அனுப்பிய காசு எங்கே போனது என்ற சண்டை, பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை தாயிடம் வர மறுக்கிறது, எட்டு அமர்வுக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் நிஜமாகவே பெருமைப்படுகிற வேலை அது. பெயர் இல்லை, தோட்டம் இல்லை, வருடம்கூடப் போடவில்லை. இரகசியம் காத்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டு பென் டிரைவை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன்.

பிரிண்ட் போட முன் தம்பி திரையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். பக்கம் ஒழுங்காக வெட்டுகிறதா என்று பார்ப்பது அவன் பழக்கம். ஓட்டியவன் நிறுத்தினான். குரலைத் தாழ்த்தி, "அக்கா, இது மேல் டிவிசன் சவூதி அக்கா வீட்டுக் கதை தானே? அந்தப் புள்ள இப்ப அம்மாகிட்ட போயிருச்சா?" என்று கேட்டான்.

அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. ஒரு டிவிசனில் மிஞ்சிப் போனால் பத்து லயம். வெளிநாடு போய் வந்த பெண்கள் இத்தனை பேர், அவர்களில் பாட்டியிடம் பிள்ளையை விட்டுப் போனவர் இத்தனை பேர் என்று கழித்துக்கொண்டே வந்தால் மூன்றாவது கழித்தலில் ஆள் தெரிந்துவிடும். கொழும்பில் இந்த மாதிரி எழுதினால் யாருக்கும் தெரியாது. மலையில் ஒரு வீட்டுக் கதவு தட்டும் சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்கும், அது தெரிந்துதானே நான் அவர்களை லயத்தில் சந்திக்காமல் பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) பின்னால் உள்ள அறையில் சந்தித்தேன். மூன்று வருடம் அப்படிக் காத்ததை ஒரு வேலை விண்ணப்பத்தில் நானே அவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அது யாருமில்லை, சும்மா எழுதிய கதை என்று பொய் சொன்னேன். அவன் நம்பவில்லை, ஆனாலும் மேலே கேட்கவில்லை. அவன் கொம்பியூட்டரிலேயே மூன்று கதையையும் அழித்தேன், பைலை அழித்தேன், ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணினேன். அன்றிரவு பழைய வேலையில் என் மேற்பார்வையாளராக இருந்த மேடத்துக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பெயரை எடுத்தா அடையாளம் போயிரும்னு நினைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

கதைகளை எடுத்த இடத்தில் பெரிய ஓட்டை. விளம்பர முடிவுத் திகதி நெருங்கியதால் அந்த ஓட்டையை "சிறந்த தொடர்பாடல் திறன்", "குழுவாக இயங்கும் ஆற்றல்" என்று நிரப்பி, கொழும்பில் ஒரு இடத்துக்கு அனுப்பினேன். ஒரு கிழமையில் போன் வந்தது. பேசிய அம்மா மரியாதையாகத்தான் பேசினார். லைசன்ஸ் இலக்கம் போடவில்லையே, எந்த நாட்டில் எடுத்தீர்கள் என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, எமோஷனலி போகஸ்ட் தெரபி போட்டிருக்கிறீர்கள், யாரிடம் பயிற்சி, எத்தனை நாள் என்றார். இல்லை மேடம், டிப்ளோமாவில் ஒரு விரிவுரை என்றேன். சரி, நன்றி என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் என்ன என்று உட்கார்ந்து தேடினேன். கலிபோர்னியாவில் அந்த நாலெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முதுகலைப் பட்டம் வேண்டும், மேற்பார்வையின் கீழ் 3,000 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும், அதையும் 104 வாரத்துக்குக் குறையாமல் செய்திருக்க வேண்டும், அப்புறம் சட்டமும் ஒழுக்கநெறியும் ஒரு பரீட்சை, சிகிச்சை முறைக்கு இன்னொரு பரீட்சை. நம் நாட்டில் தாம்பத்திய, குடும்பச் சிகிச்சைக்கென்று தனி உரிமம் கிடையாது. ஆகவே அந்த மாதிரியின் எலும்புக்கூடு எனக்கு உதவும், அதற்குள் இருக்கும் சதை வேறொரு ஊர்ச் சதை. ஆனால் 3,000 மணித்தியாலம் என்ற எண் மட்டும் மண்டைக்குள் நின்றது. அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். நான் எத்தனை மணித்தியாலம் செய்தேன்? எனக்குத் தெரியாது.

மூன்றாவது சி.வி. அந்த இடத்தில்தான் தொடங்கியது.

ஆட்களைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் பழைய நிறுவனத்தின் பூட்டிய அலுமாரியில், அவை என்னுடையவை இல்லை, கேட்கவும் கூடாது. என்னிடம் இருந்தது சந்திப்பு நேரம் குறித்து வைத்த சி.ஆர். கொப்பி மூன்று. ஒரு வரியில் திகதி, நேரம், ஓர் எழுத்து, நிமிடம். தனி ஆள் என்றால் த, சோடி என்றால் சோ, குடும்பமாக மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் கு. வராவிட்டால் சிவப்புக் கோடு. இதை ஒழுங்காகச் செய்தது புத்திசாலித்தனத்தால் இல்லை, மாதக் கடைசியில் போக்குவரத்துக் காசு வாங்க அது தேவைப்பட்டது.

கருவிகள் என்று சொன்னால் ஒரு பென்சில், ஒரு அழிறப்பர், போன வருடக் கலண்டர் தாள்களின் வெள்ளைப் பின்பக்கம், போனில் உள்ள கல்குலேட்டர். ஒரு மாதத்துக்கு ஒரு தாள், ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணினேன். முதல் நாள் இரவு மொத்தம் 718 வந்தது. சந்தோஷத்தில் "700-க்கு மேற்பட்ட அமர்வுகள்" என்று எழுதியும் விட்டேன். அடுத்த நாள் காலையில் சிவப்புக் கோடு போட்டதையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன் என்பது தெரிந்தது. மூன்று கொப்பியையும் மறுபடி முதலிலிருந்து. நடந்தவை 561, வராமல் போனவை 157. நடந்ததில் தனி ஆள் 318, சோடி 147, குடும்பம் 96. நிமிடங்களைக் கூட்டி அறுபதால் பிரித்தால் கிட்டத்தட்ட 470 மணித்தியாலம். மேற்பார்வைக்கு மாதம் இரண்டு மணித்தியாலம், 32 மாதத்தில் 27 மாதம் நடந்திருக்கிறது, ஆக 54 மணித்தியாலம். 3,000 எங்கே, 470 எங்கே. ஆனாலும் இது என் எண், யார் போன் பண்ணிக் கேட்டாலும் வாய் அடைக்காது.

எண்ணும்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன், இதற்காகவே அந்த நாலு இரவும் தகும். சிவப்புக் கோடுகள் மாதம் முழுக்கப் பரவியிருக்கவில்லை. பத்தாம் திகதியிலிருந்து பதினைந்து வரைக்கும் கும்பலாக நின்றன. பத்தாம் திகதி சம்பளம். சம்பளம் போட்ட கையோடு டவுனுக்குப் போவது, கடைக் கடன் கட்டுவது, சீட்டுக் காசு, சிலருக்குச் சாராயக்கடை, வீட்டில் சண்டையும் அந்த வாரத்தில்தான். உதவி அதிகம் தேவைப்படுகிற வாரத்தில்தான் ஆட்கள் வரமாட்டார்கள். 2023 ஜனவரியிலிருந்து அந்த நாட்களில் அறையில் சந்திப்பு வைக்காமல், போனில் பத்து நிமிடம் விசாரித்துவிட்டு, சந்திப்பைப் பதினாறுக்குப் பிறகு தள்ளினேன், நேரத்தையும் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு ஐந்து மணிக்கு மாற்றினேன். இதை அப்போது ஒரு திட்டமாக யோசித்துச் செய்ததாக ஞாபகமே இல்லை, அலுத்துப்போய்ச் செய்தது. ஆனால் கொப்பியில் இருக்கிறது: மாற்றுவதற்கு முன் 362 சந்திப்பில் 104 வரவில்லை, மாற்றிய பிறகு 356-இல் 53. நூற்றுக்கு 29 ஆக இருந்தது 15 ஆகியிருக்கிறது.

இதை சி.வி.யில் போட்டேன், ஒரே வரியில். யாருடைய வீட்டுக் கதையும் அதில் இல்லை.

மற்ற வரிகளும் இதே மாதிரி மாறின. "தம்பதியர் சிகிச்சையில் நிபுணத்துவம்" என்று இருந்தது "தம்பதியர் அமர்வு 147, 52 சோடிகளுடன்" ஆனது. சிகிச்சை முறைகள் என்ற வரிசை முழுதாகப் போனது. அந்த இடத்தில் நான் கையால் செய்கிறவற்றை எழுதினேன்: மூன்று தலைமுறை ஜீனோகிராம் (குடும்ப உறவுப் படம்) வரைவது, ஆணுக்குச் சதுரம் பெண்ணுக்கு வட்டம், சண்டை இருக்கும் உறவுக்கு நெளிகோடு என்று படித்ததை எங்கள் ஆட்கள் பார்த்தவுடன் பிடித்துக்கொள்வார்கள், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட "இந்தக் கோணக் கோட்டை இன்னும் ரெண்டு போடு மிஸ்" என்பார். குடிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவம் ஓடிட், மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விப் படிவம் பி.எச்.கியூ. இவற்றை எப்போது யாரிடம் பழகினேன் என்பதும் பக்கத்திலேயே. சூ ஜோன்சனும் கொட்மனும் "அறிமுக விரிவுரை மட்டும்" என்ற ஒரு வரிக்குள் அடங்கினார்கள்.

ரொம்ப நேரம் யோசித்தது ஒரு வரிக்காக. வீட்டில் அடி உதை இருந்தால் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொல்வது ஆபத்து, உள்ளே அவள் சொன்னதற்கு வெளியே போய் அடி வாங்குவாள். அதனால் எந்தச் சோடி வந்தாலும் முதலில் ஆளுக்கொரு தடவை தனியாகப் பார்ப்பது என் வழக்கம். இதைத் தொடக்கத்தில் விட்டிருந்தேன், திறமை மாதிரி தெரியவில்லை, எல்லோரும் செய்வதுதானே என்று. மேடம்தான் சேர்க்கச் சொன்னார். கடைசியில் எழுதியது: "இணை அமர்வுக்கு முன் இருவரையும் தனித்தனியே சந்தித்து வன்முறை ஆபத்தைப் பார்த்தல், தேவைப்பட்டால் 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெறும் வழியை விளக்குதல், பொலிஸ் மகளிர் பிரிவு, 1938, 1926 உதவித் தொலைபேசி இலக்கங்கள் என்பவற்றுக்கு ஆற்றுப்படுத்தல்." சி.வி.யிலேயே நீளமான வரி இதுதான். உடைத்து எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை, விட்டுவிட்டேன்.

பக்க வேலை சீக்கிரம் முடிந்தது. யூனிகோட், லதா எழுத்து, அளவு 11, தாளின் நாலு புறமும் 2.5 சென்டிமீட்டர் ஓரம், பி.டி.எப். ஆக்கி என் போனிலும் அக்கா போனிலும் திறந்து பார்த்தேன். கண்டி நிலையத்தின் விளம்பரம் ஆங்கிலத்திலும் கேட்டதால் ஆங்கிலப் பிரதி ஒன்று, அதில் என்னை தெரபிஸ்ட் என்று போடாமல் கவுன்சிலர் என்றே போட்டேன். முகவரிக்கு ஹட்டனில் அக்காவின் புருஷன் வைத்திருக்கும் கடை. உறவினரல்லாத இருவருக்கு மேடமும், நான் ஆட்களை அனுப்பிய ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு தாதி உத்தியோகத்தரும், இருவரிடமும் முன்கூட்டியே கேட்டு. அதிபரிடமும் கோயில் தலைவரிடமும் போன தடவை நான் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சிங்களம் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டிலும் "சிங்களம்: நன்று" என்று இருந்தது. மூன்றாவதில் "பேச்சு: அமர்வு நடத்துமளவுக்கு. எழுத்து: படிவம் நிரப்புமளவுக்கு" என்று எழுதினேன். குறைத்து எழுதிவிட்டேனோ என்று பயமாக இருந்தது. நேர்முகப் பரீட்சையில் சிங்களத்தில் பேசிய ஐயா அதைப் படித்துவிட்டு, எழுதவே சொல்லாமல் பேச மட்டும் வைத்தார், அந்த வகையில் லாபம்.

நேர்முகப் பரீட்சைக்கு ஹட்டனிலிருந்து காலை ஐந்தரை பஸ், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி. மூன்று பேர் இருந்தார்கள். இருபது நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடமாவது அந்த 29, 15 வரியிலேயே போயிருக்கும். 2022-இல் எரிபொருள் இல்லாமல் பஸ்ஸே ஓடவில்லையே, அப்போது வராமல் போனதையும் உங்கள் கணக்கில் சேர்த்திருக்கிறீர்களே என்று நடுவில் இருந்த மேடம் பிடித்தார். நான் அதை யோசிக்கவே இல்லை. ஆமாம் மேடம், அந்த மாதங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் குறையும், எவ்வளவு என்று கொப்பியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். கொப்பி கையில் இருக்கிறதா என்றார். பையில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன், பெயர் ஒன்றும் இல்லாததால் வைக்க முடிந்தது. அவர் மூன்று பக்கம் புரட்டினார். பிறகு தனித்தனியே சந்திப்பது பற்றிய நீள வரியை எடுத்து, புருஷன் தனியாக வர மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அது நான் நூறு தடவை சந்தித்த கேள்வி.

கல்யாணமாகிவிட்டதா என்றும் கேட்டார்கள். சி.வி.யில் இல்லாததைத்தான் கேட்பார்கள். இல்லை என்றேன், அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

செலவுக் கணக்கு. முதல் பிரதி டைப் பண்ண 600, இருபது பக்கம் பிரிண்ட் 400, படம் 300. இரண்டாவது பிரிண்ட் 120. மூன்றாவது பிரிண்ட் 160. தபால் எல்லாமாக 400. கண்டி போய் வரப் பஸ்ஸும் சாப்பாடும் 1,400. புதுச் சி.ஆர். கொப்பி 650. மொத்தம் 4,030 ரூபாய். முதல் இரண்டையும் செய்யாமல் நேரே மூன்றாவதுக்கு வந்திருந்தால் 2,400-க்குள் முடிந்திருக்கும்.

திரும்பச் செய்தால் என்ன மாற்றுவேன். எரிபொருள் தட்டுப்பாட்டு மாதங்களைத் தனியாகப் போடுவேன், அது நிச்சயம். அந்த 52 சோடியில் எத்தனை சோடி மூன்று தடவைக்கு மேல் வந்தார்கள் என்பதையும் எண்ணியிருக்க வேண்டும், என் கொப்பியில் ஆளுக்கு அடையாள இலக்கம் இல்லாததால் முடியவில்லை. சோடிக் கணக்கே மாத அறிக்கைகளிலிருந்து எடுத்ததுதான். புதுக் கொப்பியில் ஆறு கட்டம் போட்டிருக்கிறேன்: திகதி, இலக்கம், வகை, நிமிடம், வந்தது வராதது, ஏன். "ஏன்" என்ற கட்டத்துக்கு இடம் போதவில்லை, அடுத்த கொப்பியில் அகலமாக்க வேண்டும்.

வேலை கிடைத்ததும் கடைத் தம்பிக்கு ஒரு பக்கெட் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். என் பெயரில் இருக்கும் பைல் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னேன். கண் முன்னாலேயே அழித்தான், ஒன்றைத் தவிர.

"அத மட்டும் அழிக்க வேணாமுன்னு அம்மா சொல்லிட்டுப் போனாங்க, அக்கா. வேல கெடச்சிருச்சு, அதையும் சேர்த்து நாலு காப்பி வேணுமாம்."